அம்மாவின் காப்பில் மூன்று ஒட்டுகள்

விவரம் தெரிந்த நாளிலிருந்து என் அம்மா என்னோடு இருந்ததாக மூன்று காலங்களைத்தான் சொல்ல முடியும். முதலாவது, எனக்கு ஏழு வயதாகும் வரை. இரண்டாவது, என் கல்யாணத்துக்கு வந்து அவள் தங்கிய ஒரு மாதம். மூன்றாவது, அறுபதுகளின் கடைசியில், வேறொரு நாட்டின் பாஸ்போர்ட்டோடு நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி, காரைக்குடியில் எங்கள் வாடகை வீட்டுக்கு அவள் விருந்தாளியாக வந்த ஏழு மாதங்கள். விருந்தாளி என்பது அவள் சொன்ன சொல். அதை நான் நம்பினேன்.

அப்பா பொற்கொல்லர். பினாங்கில் நகைப் பட்டறை வைப்பதற்காக அவர் புறப்பட்டபோது, பிள்ளையில்லாத பெரியம்மாவிடம் என்னை விட்டுவிட்டு அம்மாவும் உடன் போனாள். இரண்டு வருடத்தில் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. நடுவில் யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்தபோது அங்கே எனக்கு இரண்டு தம்பிகள் பிறந்திருந்தார்கள். நானும் இங்கே படிப்பில் ஊன்றியிருந்தேன். கூட்டிப்போகும் பேச்சை அவர்களும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

நான் ஆசிரியை ஆனேன். என் கணவரும் பொற்கொல்லர்தான். ஆனால் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு புது நகை செய்யும் வேலை அவருக்கு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. முன்னறையிலேயே பட்டறையை வைத்துக்கொண்டு, அறுந்த சங்கிலியை ஒட்டுவது, தளர்ந்த திருகை மாற்றுவது என்று பழுது வேலை பார்த்துவந்தார். என் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அதிலும் பிடித்துப் பிடித்து, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஐந்து சென்ட் மனை ஒன்றை என் பெயரில் வாங்கிப் போட்டிருந்தேன். ஏழு வயதிலிருந்து அடுத்தவர் வீட்டில் இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அந்த வெற்று மனையின் நடுவில் சற்று நேரம் நின்றுவிட்டு வருவேன். அடுக்களை எந்த மூலையில் என்பது வரை எனக்குத் தீர்மானமாகியிருந்தது.

அம்மா வந்த நாளில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. எங்கள் ஊரில் கப்பலில் வந்து இறங்குகிறவர் எல்லாரும் பணக்காரர்தான்.

"ஏன் டீச்சர், பினாங்குலேர்ந்து ஒங்க அம்மா வந்திருக்காக, ஆளுக்கொரு தலைவலித் தைலமாச்சும் வராதா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"தைலம் எதுக்கு லா? எனக்கே தலைவலி இல்லை," என்றாள் அம்மா. பினாங்குப் பேச்சில் ஒட்டிவரும் அந்த "லா"வைக் கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அன்று முதல் எங்கள் தெருவில் உப்பு இரவல் கேட்பவள்கூட "கொஞ்சம் உப்பு லா" என்றுதான் கேட்டாள்.

அம்மா முழுக்கை வைத்த தளர்ந்த சட்டைதான் போட்டிருந்தாள். அது அந்த ஊர் உடுப்பு என்று நினைத்தோம். வலது கை மட்டும் இடதைவிடப் பருத்திருந்தது. கேட்டதற்கு, யானைக்கால் போல இது யானைக்கை, அங்கே கொசு அதிகம் என்றாள். அப்பா காலமான பிறகு எல்லா நகையையும் கழற்றிவிட்டவள், அந்தக் கையில் கெட்டியான தங்கக் காப்பு ஒன்றை மட்டும் போட்டிருந்தாள். அப்பா தம் கையால் செய்தது. "தாலியக் கழட்டுனவ காப்ப மட்டும் ஏன் வச்சிருக்கா?" என்று தெருவில் முணுமுணுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருத்தி தன் கணவனின் கைவேலையைக் கழற்ற மனமில்லாமல் இருப்பதில் என்ன தவறு?

எனக்கு ஓர் ஆசை இருந்தது. சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். வெள்ளிக்கிழமையில் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்ற வேண்டும். நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி, சீயக்காய் கரைத்து, வெந்நீர் விளாவி வைத்துவிட்டு அழைப்பேன்.

"வாம்மா, முதுகு தேச்சு விடுறேன்."

"அங்குட்டு வச்சிட்டுப் போ ஆத்தா. எங்களுக்கெல்லாம் தனியாக் குளிச்சுப் பழகிப்போச்சு."

உள்ளே தாழ்ப்பாள் விழும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். வெளிநாட்டுப் பழக்கம் என்று எண்ணிக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்து வந்தவளிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன். பாடம் சொல்வது என் தொழில் அல்லவா?

இரண்டாம் மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் புறப்படும்போது என் கணவர், "ஒன்னோட ஒடிஞ்ச தோடு ஒன்னு கெடக்குமே, அதக் குடு. ஒரு வேலைக்குக் கொஞ்சம் தங்கம் கொறையுது," என்றார். எடுத்துக் கொடுத்தேன். பட்டறைக்கு வரும் நகையைப் பற்றி நான் எதுவும் கேட்பதில்லை. அது அவர் குலத்தின் வழக்கம். யார் வீட்டுச் சங்கிலி முலாம், யார் காசுமாலையில் காசு குறைகிறது, யார் எதை மாற்றிச் செய்துகொண்டு போனார் என்பதெல்லாம் பொற்கொல்லனுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அதை அவன் மனைவியிடமும் சொல்லக் கூடாது. சொல்கிற பத்தரிடம் மறுநாள் ஊரில் ஒருத்தரும் நகை கொடுக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் அந்த மௌனத்தைப் பற்றி எனக்குப் பெருமைகூட உண்டு.

நான்காம் மாதம் அம்மாவுக்கு இருமல் வந்தது. மூச்சு இழுத்தது. உள்ளூர் வைத்தியரின் மருந்து கேட்கவில்லை. பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, சேர்க்கைத் தாளை நான்தான் எழுதினேன். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் பினாங்கு விலாசத்தை எழுதினேன். அதுதானே உண்மை?

பெண் மருத்துவர் அம்மாவைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டு, சற்று நேரத்தில் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"மார்புல ஆபரேஷன் எப்ப நடந்துச்சு?"

"எந்த ஆபரேஷன் டாக்டர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"மகள்."

"சொந்த மகளா?"

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம் வந்திருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். திரையை விலக்கிக் காட்டினார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் நெஞ்சின் வலப்பக்கம் தட்டையாக இருந்தது. அக்குளிலிருந்து குறுக்கே ஒரு நீண்ட தழும்பு ஓடியது. அதைச் சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்த அடையாளம் என்றார் மருத்துவர். கை வீங்கியதற்குக் காரணம் கொசு அல்ல. அறுவை நடந்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கும், இப்போது நோய் திரும்பி நுரையீரலுக்குப் போயிருக்கிறது, அங்கே நீர் கோத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக, நான் விளங்கிக்கொள்ளும் வேகத்தில் சொன்னார். கதிர் இனிமேல் வைக்க முடியாது. நீரை எடுக்கலாம். சென்னையிலிருந்து வரவழைக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு. குணமாகும் என்று சொல்ல மாட்டேன், மூச்சு முட்டாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் வெளியே வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. தரையைப் பார்த்தார். பதினாறு வருடமாக அவர் முகத்தைப் பார்த்து வருகிறவள் நான். எனக்கு உடனே தெரிந்துபோயிற்று.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் தோள் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

"காப்பு இறுக்குதுன்னு அத்தை பட்டறைக்கு வந்தாக. வெட்டி எடுத்தேன். உள்பக்கம் ஏற்கெனவே ரெண்டு இடத்துல வெட்டி, துண்டு சேத்து ஒட்டியிருந்துச்சு. ரெண்டும் ஒரே காலத்து ஒட்டு இல்லை. ஒன்னு பழசு, ஒன்னு புதுசு. கை கொஞ்சங் கொஞ்சமா வீங்கிக்கிட்டே வந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இது கொசு இல்லையே அத்தைன்னேன். எல்லாத்தையும் சொன்னாக."

"சொன்னாக. நீங்க கேட்டுக்கிட்டீக."

"ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு கேட்டாக. பட்டறைக்கு வந்த நகையப் பத்தி வீட்ல பேசுறதில்லையே."

"அது நகையா? எங்கம்மா."

பக்கத்துப் பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

காப்பைக் கழற்றி வைத்தால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள் என்பதற்காகவே, பினாங்கில் அவள் அதை இரண்டு முறை பெரிதாக்கிப் போட்டிருக்கிறாள். மூன்றாம் முறை என் வீட்டு முன்னறையிலேயே நடந்திருக்கிறது. குறைந்த தங்கத்துக்கு என் தோடு போயிருக்கிறது. நான் அப்பாவின் நினைவு என்று நினைத்து உருகியது நோயை மூடி வைத்த மூடி.

பணம் கட்டும் இடத்தில் இருந்த குமாஸ்தா தாளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பினாங்குப் பட்டுப் புடவையையும் காப்பையும் பார்த்தார்.

"வசதியில்லன்னு கிராம முன்சீப் சர்ட்டிபிகேட் இருந்தா பாதிப் பணந்தாம்மா. ஆனா இவுக வெளிநாடு. இவுகளுக்கு எந்த ஊரு முன்சீப் குடுப்பாரு?"

"நான் இவுக மக. நான் காரைக்குடிதான்."

"அப்ப ஒங்க விலாசத்தப் போட்டிருக்க வேண்டியதுதானே? நான் என்ன, கப்பலுக்கா போயிப் பாக்கப் போறேன்?" என்று அவர் மெய்யான இரக்கத்தோடு கேட்டார். எழுதியது எழுதியதுதான், மாற்ற முடியாது என்பதையும் அவரே சொன்னார். அந்த நாலு மாதத்தில் எங்கள் குடும்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியவள் நான் ஒருத்திதான். அதற்கு முழுக் கட்டணம் கட்டினேன்.

இப்போது போல நோய்க்கு இன்ஷூரன்ஸ் என்ற ஒன்றை அந்நாளில் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. இன்ஷூரன்ஸ் என்றால் செத்த பிறகு வரும் பணம். அதற்கான ஏஜெண்ட் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். உயிரோடு இருப்பவருக்கு ஆகும் செலவுக்கு அவரவர் கையில் இருப்பதுதான் வழி. என் கையில் மனை இருந்தது. ஊசி மருந்துக்கு எழுதிப்போட்ட அந்த வாரத்திலேயே அதை விற்றேன். வாங்கியவர் மரக்கடைக்காரர். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, "நல்ல எடம் டீச்சர், தண்ணி இனிப்பா வரும்," என்று எனக்கே எடுத்துச் சொன்னார். மனை போனதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாலும் அதைத்தான் விற்றிருப்பேன். என்னிடம் கேட்டு வாங்கியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

தம்பிகளுக்கு எழுதினேன். பெரிய தம்பியின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. "அக்காவுக்கு எல்லாம் தெரியும், அங்கே வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்காவே கூப்பிட்டிருக்கிறாள் என்று அம்மா சொன்னார்கள். உங்கள் கடிதத்தைக்கூட எங்களுக்குப் படித்துக் காட்டினார்களே," என்று எழுதியிருந்தான். முதல் வைத்தியத்துக்கே பட்டறையை அடகு வைத்திருப்பதாகவும், அடுத்த மாதம் ஏதாவது அனுப்பப் பார்ப்பதாகவும் முடித்திருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் எழுதாத கடிதத்தை அம்மா எப்படிப் படித்திருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய ஏதோ ஒரு சாதாரணக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்கு வேண்டிய வரிகளை அவளே சொல்லியிருக்க வேண்டும். அந்த வரிகள் என்னவாக இருக்கும்? எந்த மகளின் குரலில் அவற்றைப் படித்திருப்பாள்?

ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தோம். பள்ளிக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். நீர் எடுத்த பிறகு அம்மாவுக்கு மூச்சு சீரானது, பேச்சும் வந்தது. ஒரு பிற்பகலில் கஞ்சி கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"கஞ்சில உப்பு பத்தலை."

"அம்மா."

அவள் கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "ஒங்கிட்ட எந்த உரிமையில சொல்றது ஆத்தா?"

சொல்வதற்கு உரிமை இல்லை, சொல்லாமல் வந்து படுப்பதற்கு மட்டும் இருந்ததா என்ற கேள்வி என் நாக்கு வரை வந்தது. உப்பை எடுத்துவரப் போனேன்.

ஆஸ்பத்திரியில் தங்கம் போட்டிருக்கக் கூடாது என்று என் கணவர் காப்பைத் தாம் போட்ட ஒட்டிலேயே மறுபடி வெட்டி எடுத்து, ஒட்டிப் பத்திரப்படுத்தியிருப்பதாகச் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பட்டறைப் பெட்டியில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இனி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதும் காரைக்குடிக்கு வந்துவிட்டோம். வந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மாவே கூப்பிட்டாள். "எண்ணெய் காச்சுனியா? வா லா, இனிமே என்னத்த மறைக்கிறது?"

முக்காலியில் உட்கார வைத்துத் தேய்த்தேன். தழும்பின் மேல் விரல் படும்போது மெதுவாகத் தேய்த்தேன். வலிக்கிறதா என்றதற்கு, மரத்துப்போச்சு என்றாள். பிறகு யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கு தின்றதையும், அப்பா ஒரு ஜப்பான்காரனுக்கு மோதிரம் செய்து கொடுத்துச் சர்க்கரை வாங்கி வந்ததையும் பற்றிப் பேசினாள். "அன்னைக்கு நீ இருந்தா நக்கித் தின்னிருப்ப," என்றாள். நான் சிரித்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் முழுமையாக அவளுடைய மகளாக இருந்தேன் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். இப்படி ஆறு வெள்ளிக்கிழமைகள் வாய்த்தன. ஏழாவதற்கு முந்திய புதன்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், அவள் போய்விட்டாள்.

பினாங்கிலிருந்து அடுத்து வந்த கடிதம் சின்னத் தம்பியுடையது. இழவுச் செய்திக்குப் பதில். ஆறுதல் வார்த்தைகளுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்: "அம்மாவின் காப்பு, கப்பலில் வந்தவர் மூலம் இரண்டு மாதம் முன்பே பத்திரமாகக் கிடைத்தது. என் மகளுக்கு என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தானுக்கும் உங்களுக்கும் நாங்கள் என்றும் நன்றி உள்ளவர்கள்."

இரண்டு மாதம் முன்பு என்றால், கப்பல் நாட்களைக் கழித்துப் பார்க்கையில், அந்த முதல் எண்ணெய்க் குளியலுக்கும் முன்பே அது வீட்டைவிட்டுப் போயிருக்கிறது. சர்க்கரைக் கதையைச் சொல்லும்போதே அவளுக்கு அது தெரியும். பக்கத்து அறையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும்.

கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, "பட்டறைல வச்சு ஒப்படைச்ச பொருள். அத்தை சொன்ன எடத்துல சேத்தேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தம் தொழிலுக்கு அவர் செய்தது முழுக்கச் சரி. அந்தச் சரியோடு அதற்குப் பிறகும் ஒரே வீட்டில் வாழ்ந்தேன். கசப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பட்டறையில் இருக்கும்போது முன்னறை வழியாகப் போகாமல் கொல்லை வழியாகப் போகும் பழக்கம் எனக்கு அன்று வந்தது, பிறகு விடவேயில்லை.

பெற்றவர்கள் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் செய்வதில்லை என்று படித்திருக்கிறேன். யாரிடம் கேட்டு வாங்க முடியாதோ அவருக்குக் கொடுப்பார்கள். யாரிடம் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாமோ அவரிடம் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது ஒருவகை அன்புதான் என்று என்னைத் தேற்ற முயன்றவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் சின்னத் தம்பியின் மகள் ஊரைப் பார்க்க வந்தாள். இருபது வயதுப் பெண், கலகலவென்று பேசுவாள். மெலிந்த கையில் அந்தக் காப்பு முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இது ரொம்ப லூஸ் லா. அப்பாயி கை இவ்ளோ பெருசா?" என்று பட்டறையில் போய் உட்கார்ந்தாள். தன் அப்பாவைப் பெற்ற அப்பாயிக்கு என்ன நோய் என்று அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

என் கணவர் என்னைக் கூப்பிட்டார். அத்தனை வருடத்தில் முதல் முறையாக, ஒரு நகையைப் பார்க்கப் பட்டறைக்குள் கூப்பிட்டார். போய் நின்றேன். சேர்த்த துண்டுகளை எடுத்துவிட்டால் கைக்குச் சரியாக இருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, காப்பை ஒட்டு ஒட்டாக அறுத்தார். மூன்று சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்து, பலகையில் வரிசையாக வைத்தார். மூன்றாவதை விரலால் என் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒன்னோடது," என்றார்.

"என்ன அத்தை, ஒங்களோடதா? மூணையும் நீங்களே வச்சுக்கங்க. எனக்கு எதுக்கு லா, துண்டு துண்டா?" என்றாள் அந்தப் பெண்.

மனதாரத்தான் சொன்னாள். துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள். நான் என் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டையும் ஒரு காகிதத்தில் வைத்து, நான்காக மடித்து, அவள் கையில் கொடுத்தேன்.

"இது ஒங்க அப்பாயியோடது. பத்திரமா வச்சுக்க," என்றேன். பிறகு அவளுக்கு அந்த இரண்டு ஒட்டும் எப்படி வந்தன என்பதை, முதலிலிருந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன்.